காலியாக வந்த டிபன் பாக்ஸ்

நாங்கள் ஆவூரில் இருக்கிறோம். பள்ளி ஆசிரியரான என் கணவருக்குச் சர்க்கரையோடு கொழுப்பும் கூடிவிட்டது. பயந்துபோன நான், செல்போனில் பார்த்த உணவுத் திட்டப்படி சோற்றை அடியோடு நிறுத்தி, மதியத்துக்கு டோஃபு என்ற சோயா பனீரை எண்ணெயில்லாமல் வெறுமனே அவித்துக் கொடுத்தனுப்பினேன். டிபன் பாக்ஸ் தினமும் காலியாக வந்தது. "நல்லா இருந்துச்சு" என்பார்.

மூன்றாவது வாரம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்ததால் சர்க்கரை சரசரவென இறங்கிவிட்டது, கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

கண் விழித்ததும், "வாயில வைக்க முடியலம்மா, நாய்க்குப் போட்டுட்டேன். நீ மெனக்கெட்டுச் செய்யிற, ஒங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் அதை ஒருநாள்கூட ருசி பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது டாக்டர் சொன்ன அளவில் சோறும் உண்டு. டோஃபுவை அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, இஞ்சி பூண்டு விழுது, மிளகு, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, எண்ணெயில்லாமல் தோசைக்கல்லில் சிவக்க வாட்டுகிறேன். முதல் துண்டை நான் தின்று பார்க்கிறேன்.

இப்போதும் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அந்த வார்த்தையை என்னால் நம்ப முடியவில்லை. மதியம் நானே பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய், அவர் கடைசி வாய் விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.