நொன்னா ஆணா, பெண்ணா?

போன மாதம், நான் வேலை பார்க்கும் வளைகுடா ஊரான ரூவியில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

அம்மா ரெஜினா, என் ஆபீஸில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணப் பெண். அப்பா பீட்டர், இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துக் கிராமத்துக்காரர். பிரசவத்துக்கு முன், டாக்டர் சொல்லி ரெஜினா படுத்தே இருந்த நாட்களில்தான் பீட்டரின் அம்மா ஊரில் இறந்துபோனார். பீட்டரால் போக முடியவில்லை. கடைசியாகப் போனில் பேசியபோது அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார் — பிறக்கும் குழந்தைக்கு ஊர் சர்ச்சின் புனிதர் நொன்னாவின் பெயர்தான்.

பிறந்தது பெண். அங்கேதான் சிக்கல். நொன்னா ஒரு ஆண், ஒரு பிஷப் என்றுதான் பீட்டருக்குச் சிறுவயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"மகளுக்கு ஒரு பிஷப்பின் பெயரையா வைப்பது?" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

உதவிக்கு வந்திருந்த ரெஜினாவின் அக்காவுக்கோ வேறு கவலை. "நோனா எண்டா சிங்களத்தில துரைசாணி எல்லோ, தம்பி? பிள்ளையைப் பகிடி பண்ணுவினம். அன்னா எண்டு வைக்கச் சொல்லுங்கோ."

ரெஜினா நடுவில். "ரெண்டு பேரும் என்னைத்தான் பாக்கினம், அண்ணை. நான் என்ன செய்யிறது?"

கடைசியில் பீட்டர் ஊர் சர்ச்சுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் அங்கத்திய பெண் போதகர். பழைய காலத்தில் வேல்ஸில் நொன் என்றொரு பெண் இருந்தாளாம், புனித டேவிட்டின் தாய். பெயர் கடல் தாண்டி ஊர் ஊராகப் போனதில், கதை மறந்துபோய், சில இடங்களில் அவளை ஆணாக்கிவிட்டார்களாம். அந்த பிஷப் வேறொரு ஆளாகவும் இருக்கலாமாம்!

"எங்களுக்கே உறுதியாகத் தெரியாது, பீட்டர். உன் அம்மாவிடமும் இதைச் சொன்னேன். அப்படியானால் பையனோ பெண்ணோ, எதற்கும் பெயர் பொருந்தும் என்று சிரித்தார்."

பீட்டர் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் அக்கா. ரெஜினா சொன்னாள்.

"தாயோ...? தாயெண்டா வையுங்கோ. பகிடி பண்ணுறவை பண்ணட்டும்."

யோசித்துப் பார்த்தேன். ஆள் யாரென்று தெரியாது. ஆணா பெண்ணா, அதுவும் தெரியாது. பிறகு எப்படி இத்தனை நூற்றாண்டு தப்பியது அந்தப் பெயர்? யாரோ அதைச் சொல்லி வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்... அவ்வளவுதான்.

ஞானஸ்நானம் முடிந்ததும் அக்கா யாழ்ப்பாணத்துக்குப் போன் போட்டார். "பிள்ளைக்கு தாவீது ராசாவின்ர தாயின்ர பேர் வைச்சிருக்கு!"

வேதாகமத்துத் தாவீது வேறு, இந்த வேல்ஸ் டேவிட் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். ரெஜினா கண்ணைக் காட்டினாள்.

நானும் ஒரு கேக் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.