டுவேன் எழுதிக் கொடுத்த அட்டை

எதையும் இரண்டு முறை பார்க்காவிட்டால் ஆர்லிஸ் பேக்கனுக்குச் சோறு இறங்காது. மொண்டானாவின் கோதுமைக் காட்டுச் சாலைகளில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தினமும் டயரைத் தட்டிப் பார்ப்பாள், பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பாள். எங்கள் துப்பாக்கி கிளப்பில் இதற்காக அவளைக் கேலி செய்யாத ஆள் இல்லை. கிளப்பைப் பார்த்துக்கொள்பவன் நான். கேலியிலும் முதல் ஆள் நான்தான்.

தோட்டாவை அவள் கடையில் வாங்கமாட்டாள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, கழுவி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தி வீட்டிலேயே செய்துகொள்வாள். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். எந்த மருந்து எவ்வளவு போடலாம் என்று கம்பெனிக்காரர்கள் புத்தகம் போடுகிறார்கள். அதைப் பார்க்காமல் அடுத்தவன் சொன்ன அளவைப் போடக்கூடாது என்று கிளப்பில் சேருகிற எல்லாருக்கும் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அந்த வருஷம் கடைகளில் வெடிமருந்துக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. அலைந்து திரிந்து அவள் வாங்கிவந்த டப்பா புது ரகம். அவளிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அதன் பெயர் இல்லை. டுவேன் ப்ரூயெட்டிடம் கேட்டாள். இந்த வேலையில் எங்கள் ஊரில் அவன் வைத்ததுதான் சட்டம். அவளுக்கு இருபது வருஷச் சிநேகிதன். அவள் புருஷன் செத்த குளிர்காலம் முழுக்க அவள் வீட்டு வாசல் பனியைத் தள்ளியவன். அந்த ஆளுக்கு ஒரே ஒரு வியாதி, ‘தெரியாது’ என்று மட்டும் வாயில் வராது.

மறுநாளே ஒரு அட்டையில் எழுதிக் கொண்டுவந்தான். மருந்தின் பெயர், அளவு, குண்டு போகும் வேகம். கீழே ‘நானே சுட்டுப் பார்த்தது’ என்று கையெழுத்து வேறு.

“கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?” என்றாள் ஆர்லிஸ்.

“ஏம்மா, டயரைத் தட்டுற மாதிரி என்னையும் தட்டிப் பாக்கப் போறியா?”

சிரித்துவிட்டாள். ஃபோன் போடவில்லை. அட்டையில் இருந்த அளவையே போட்டுத் தோட்டா செய்தாள்.

மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை. கிளப்பில் ஆர்லிஸ் சுட்டுக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூன்றாவது தோட்டாவில் கைத்துப்பாக்கியில் தோட்டா செருகும் உருளை பிளந்து பறந்தது. இடது கட்டைவிரலில் பாதி போயிற்று, பக்கத்து விரலில் நரம்பு அறுந்தது. ஸ்டியரிங்கை அந்தக் கை இறுக்கிப் பிடித்தால்தான் பேருந்து, இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஒரு தட்டு நிறையச் சமைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான் டுவேன். “நிறுக்கும்போது கை தவறியிருக்கும், ஆர்லிஸ். ஒரே கூட்டுல ரெண்டு தடவை மருந்து விழுந்திருக்கும். யாருக்கும் வர்றதுதான்.”

அவளும் அதை நம்பினாள். பாழாய்ப்போன என் கண், என் அவசரம் என்று இரண்டு மாதம் தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தாள். வாராவாரம் அவன் சாப்பாடு கொண்டுவந்தான்.

ஜூலையில் அவனுடைய தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். டுவேன் கராஜில் இருந்தான். அலமாரியில் அவன் தனக்குச் செய்துவைத்த தோட்டாப் பெட்டிகள். என்ன மருந்து, எவ்வளவு, என்றைக்குப் போட்டது என்று ஒவ்வொரு பெட்டியிலும் நாங்கள் சீட்டு ஒட்டுவோம். ஆர்லிஸ் ஒரு பெட்டியை எடுத்துப் படித்தாள். அதே மருந்து, அதே குண்டு. அளவு மட்டும் அட்டையில் இருந்ததைவிட ரொம்பக் குறைவு. ‘கம்பெனி ஃபோனில் சொன்னது, மே 2’ என்று எழுதியிருந்தது.

“டுவேன், இது என்ன?”

அவன் முகம் செத்துப்போயிற்று. “உனக்கு எழுதினது... இன்டர்நெட்ல எவனோ போட்டது. நான் சுட்டுப் பாக்கல. அப்புறம் எனக்குப் போடும்போது பயம் வந்துச்சு, கேட்டுக்கிட்டேன்.”

“மூணு வாரம் இருந்துச்சே. எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். தப்பா எழுதிட்டேன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. புது மருந்துன்னா எப்படியும் நீ கொறச்சுப் போட்டுத்தான் ஆரம்பிப்பேன்னு நெனச்சேன்.”

“சுட்டுப் பாத்ததுன்னு கையெழுத்துப் போட்டிருந்தியே!”

“அடப்பாவி, நீயெல்லாம் மனுஷனா?” என்று நான் பாய்ந்தேன். ஆர்லிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த இடது கைதான். துணி நழுவிக்கொண்டு போயிற்று.

திங்கட்கிழமை பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து என் வண்டியில் உட்கார்ந்தாள்.

“கை போனாக்கூடப் போகட்டும், கர்ட்,” என்றாள். “ரெண்டு மாசம் என்னையே நான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். அவன் எதிர்ல உக்காந்து, ‘ஆமா, உன் தப்புதான்’னு எனக்கு ஆறுதல் சொன்னான்.”