உயில் என்றுதான் அழைத்துப் போனான்

எண்ணூரில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய் ஒன்று எனக்கு உண்டு. கணவர் போனபின் அதை நடத்தித்தான் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினேன். படிப்பில்லை, கைநாட்டுதான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

என் காலத்துக்குப் பிறகு காளவாய் இருவருக்கும் பாதிப் பாதி என்று உயில் எழுதிவிட நினைத்தேன். பெரியவனே பத்திரத்தை எழுதிக்கொண்டு வந்து, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப் போனான். கட்டைவிரலில் மை தடவியாயிற்று. அதிகாரி என்னைப் பார்த்து, "காளவாயை இன்னைக்கே பெரிய பிள்ளைக்குத் தானமா கொடுக்குறீங்க. சம்மதந்தானேம்மா?" என்றார்.

பெரியவன் பக்கம் திரும்பினேன். "இன்னாடா நைனா இது?" என்றேன்.

"உனுக்குக் கஞ்சி ஊத்தாமயா பூடுவேன்?" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என் காளவாய்ல குந்திகினு உன்கிட்ட கஞ்சிக்குக் கையேந்தணுமா?" என்று கேட்டு, விரல் மையை அவன் வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

பிறகு உயிலை நானே சொல்லி எழுத வைத்தேன். இப்போது எந்தத் தாளானாலும் வெளி ஆள் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, "இது இன்னிக்கேவா, நான் பூட்ட பின்னாடியா?" என்று கேட்காமல் மையைத் தொடுவதில்லை. பெரியவன் நீட்டும் ரேஷன் தாளுக்கும் அதே கேள்விதான்.