எய்லா திறந்த கதவு

எங்கள் கியுருவேசி ஊர்ப் பக்கம் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் எய்லா அக்காவைத் தெரியும். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. காளை விந்தை உறைய வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் குடுவை எப்போதும் வண்டியில் இருக்கும். எலும்பை ஊடுருவும் குளிரிலும் வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்குக் காரணம் தெரியும். அவர் கணவர் ரெய்னோவுக்கும் அதே வேலைதான். நைட்ரஜன் நிரப்பும் மூடிய அறையில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, மூச்சும் முட்டாது. அறையில் இருக்கும் நல்ல காற்றைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும்.

என் சிநேகிதன் இல்மோவுக்குக் கணினிப் பைத்தியம். கணினியின் மூளையான பிராசசர் சில்லின் மேல் செம்புக் குவளையைப் பொருத்தி, நைட்ரஜனை ஊற்றி, அதை அளவுக்கு மீறிய வேகத்தில் விரட்டோ விரட்டென்று விரட்டுவான். சாதாரணமாக ஐந்து கிகாஹெர்ட்ஸிலேயே கொதித்துப்போகும் சில்லு, அந்தக் குளிரில் எட்டை நெருங்கும். குளிர் ஒரு பிடி கூடினாலோ விறைத்து நின்றுவிடும். அப்போது கேஸ் டார்ச்சால் குவளைக்குச் சூடு காட்ட வேண்டும்.

நைட்ரஜன் கொடுத்தது எய்லா அக்காதான். எனக்கே அது ஆச்சரியம்.

"நான் குடுக்கலன்னா வேற எங்கயாச்சும் வாங்கிட்டு வந்து கதவ மூடிக்கிட்டு உக்காருவான்," என்றார். "டேய் இல்மோ, கதவு திறந்தே இருக்கணும். இல்லன்னா ஒரு சொட்டு கிடையாது."

பனி உருகும் ஏப்ரல். வெளிக்காற்றில் ஒரே ஈரம். கதவு திறந்திருந்தால் குளிர்ந்த போர்டில் நீர் கோத்து எல்லாம் பாழாகிவிடும். சில்லு வேகத்தில் தேசிய சாதனைக்கு ஒரு முடி தூரம்தான் பாக்கி. எய்லா அக்கா குடுவையை வைத்துவிட்டுப் பக்கத்துப் பண்ணைக்குப் போனதும், இல்மோ கணினி வைத்திருந்த இடமான, தன் வீட்டு நீராவிக் குளியல் கொட்டகையான சவுனாவின் முன்னறைக் கதவைச் சாத்தினான். நான் திரையைப் பார்த்தபடி உள்ளேயே இருந்தேன்.

எண் ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றது. சில்லு விறைத்துவிட்டது. இல்மோ டார்ச்சை அழுத்தினான். பற்றவில்லை. மறுபடியும் அழுத்தினான்.

"சனியன், நேத்துதானடா கேஸ் ரொப்புனேன். ஏன் பத்த மாட்டேங்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்றே தெரியாமல் சிரித்தேன்.

குடுவையை எடுக்கத் திரும்பி வந்த எய்லா அக்காவின் காதில் அவன் புலம்பல் விழுந்திருக்கிறது. கதவு படாரென்று திறந்தது. ஈரக்காற்று வெண்புகையாக உள்ளே பாய, திரை அணைந்தது. இருவர் சட்டையையும் பிடித்து எங்களை வெளியே இழுத்துப் போட்டார்.

"ரெண்டு வருஷ உழைப்பு அக்கா. நாசம் பண்ணிட்டீங்களே," என்று இல்மோ கத்தினான். டார்ச் அவன் கையிலேயே இருந்தது.

"பத்த வை," என்றார் எய்லா அக்கா.

"அதான் கெட்டுப்போச்சே."

"பத்த வைடா."

அழுத்தினான். முதல் அழுத்தலிலேயே நீலச் சுடர் எழுந்தது.

இல்மோ அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கும் புரிந்தது: கெட்டுப்போனது டார்ச் இல்லை, உள்ளே நாங்கள் மூச்சு விட்ட காற்று. எய்லா அக்கா உருகும் பனியில் அப்படியே உட்கார்ந்து அழுதார். ரெய்னோவின் அடக்கத்தன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அவர் கதவையும் யாராச்சும் வந்து திறந்திருக்கலாம்," என்றார்.