இந்த வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை

கலியாணத்தைக் கட்டிவைப்பது ஐயரோ பாதிரியாரோ செய்கிற சின்ன வேலை; கட்டியது உண்மைதான் என்று இன்னொரு நாட்டை நம்பவைப்பது என் தொழில். நெல்லியடிச் சந்தியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் என் கந்தோர். ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், நாலு பிளாஸ்டிக் கதிரை. முன்பு பாதிரிமார் தொடங்கிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தேன் என்பதால் சனத்துக்கு நான் இன்றைக்கும் ரீச்சர்தான். புருஷன் ஒரு நாடு, பெண்சாதி ஒரு நாடு, பிள்ளை பிறந்தது மூன்றாவது நாடு என்று இருக்கிற குடும்பங்கள்தான் என்னிடம் கூடுதலாக வரும்.

தூதரகத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, சொந்தப் புருஷனைச் சொந்தப் புருஷன்தான் என்று நிரூபித்துக் களைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்கள் முறையும் வரும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பார்கள். தூதரகம் மாப்பிள்ளையைச் சந்தேகிக்கும். மாப்பிள்ளை புரோக்கரைச் சந்தேகிப்பான். புரோக்கர் என்னைச் சந்தேகிப்பான். நான் ஒருவரையும் விட்டுவைப்பதில்லை.

இரண்டு கலியாண நாள்

சண்டிலிப்பாய்ப் பிள்ளை ஒருத்தி. மாப்பிள்ளை கனடாவில் குடியுரிமை எடுத்தவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி முதலில் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம். விசா அலுவல் ஓடட்டும் என்று அதை அவசரமாக முடித்துவிடுவார்கள். தாலி பிறகு, ஆறு மாதம் கழித்து நல்ல நாள் பார்த்து. இடைப்பட்ட காலத்தில் இரண்டு பேரும் சட்டப்படி புருஷன் பெண்சாதி, ஊர்ப்படி ஒன்றுமில்லை. நேர்முகத்தில் இரண்டு பேரிடமும் கலியாணம் எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை எழுத்து நடந்த ஆவணி மாதத்தைச் சொன்னான். பிள்ளை தாலி ஏறிய தை மாதத்தைச் சொன்னாள். விசா மறுப்பு. திருமணமே போலி என்று சந்தேகமாம்.

மேன்முறையீடு செய்து, அவள் போய்ச் சேர்ந்து, இப்போது அங்கே பனி அள்ளிக்கொண்டிருக்கிறாள். ஆனால் மறுப்புக் கடிதம் வந்த அன்றைக்கு நான் அவளை நன்றாக ஏசினேன். எழுத்து நாளைச் சொல், எழுத்து நாளைச் சொல் என்று பத்துத் தரம் படிப்பித்து அனுப்பினேனே! அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எழுத்துக்கு வந்தவர் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவர், அவ்வளவுதான். அதைப்போய்க் கலியாணம் எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது ரீச்சர்."

வாய் திறக்காத மனுஷன்

கமலா தொண்டைமானாற்றுக் கடற்றொழில் குடும்பத்துப் பெண். முப்பது வயது வரும். அவளோடு ஒரு மனுஷன் வந்து கதிரை நுனியில் இருந்தார். எதைக் கேட்டாலும் பதில் கமலாவிடமிருந்துதான் வந்தது. பெயர் முருகேசன். என்ன வேலை? லொறி ஓடினவர். உடம்புக்கு ஏதுமோ? இல்லை, நல்ல சுகம். எனக்கு உடனே மூக்கு வேர்த்தது. பெண்சாதி கதைக்கப் புருஷன் முழிக்கிற கலியாணம் என்றால் முக்கால்வாசி வாடகை மாப்பிள்ளைதான். "அவர் வாயாலை சொல்லட்டும் பிள்ளை" என்றேன். அவர் கமலாவைப் பார்த்தார். கமலா கதவைச் சாத்திவிட்டு வந்து தலையை ஆட்டினாள். "வணக்கம் மேடம். எனக்கு ராமநாதபுரம் பக்கம். இங்க வந்து நாலு மாசம் ஆகுது" என்றார்.

கதை இதுதான். கமலா கைக்குழந்தையாக வள்ளத்தில் அக்கரைக்குப் போனவள். அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே இவரைக் கட்டினாள். மகளுக்கு ஏழு வயது. பிறந்தது அங்கே, குடியுரிமை எடுத்தது இங்கே. தாயும் மகளும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். முருகேசன் இந்தியக் கடவுச்சீட்டில் சுற்றுலா விசாவோடு பின்னால் வந்தார். அந்த விசா முடிய இன்னும் இரண்டு மாதம். அதற்குள் இலங்கைப் பெண்ணின் கணவர் என்று வதிவிட விசா கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் அவர் தனியே திரும்பவேண்டும். கமலா இனி முகாம் வாசலை மிதிக்கமாட்டாள். சரி, அதற்கு ஏன் இந்த ஊமை வேஷம் என்று கேட்டேன். கமலா சொன்னாள்: "வெளியிலை வாய் துறக்கவேண்டாமெண்டு நான்தான் சொன்னனான் ரீச்சர். அக்கரையிலை இருந்து வாற இழுவைப் படகு வலையை அறுக்கிறதாலை எங்கடை சனம் எரிஞ்சு போய்க் கிடக்குது, இவர் ஒரு சொல்லுச் சொன்னாலே எந்தக் கரை ஆள் எண்டு பிடிச்சிடுவினம்."

சொதிப் பரீட்சை

அப்படியும் என் சந்தேகம் தீரவில்லை. கண்ணீர்க் கதைகளை நான் கிழமைக்கு நாலு கேட்கிறவள். தம்பதிகளைப் பிரித்து இருத்திக் கேள்வி கேட்பது என் வழக்கம். அதிகாரி கேட்குமுன் நான் கேட்டுவிட்டால் பிறகு பயமில்லை. கமலாவை வெளி விறாந்தையில் இருத்திவிட்டு, நேற்று இரவு என்ன சாப்பாடு என்று கேட்டேன். இடியப்பமும் சொதியும், அவர் விரும்பிச் சாப்பிட்டவர் என்றாள். பிறகு அவரை இருத்திக் கேட்டேன். இடியப்பம் மட்டும்தான் சாப்பிட்டேன் என்றார். பேனையைக் கீழே வைத்தேன். ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் இரண்டு சொல் சொன்னால் என்ன அர்த்தம்?

நான் முறைத்த முறைப்பில் மனுஷன் பயந்துபோனார். சொதியைப் பூனைக்கு ஊற்றிவிட்டேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாலு மாதமாக வாய் திறக்காத ஆளுக்கு அன்றைக்குத்தான் மடை திறந்தது. தாய்வீட்டுப் பழக்கம் என்று கமலா முகாமிலும் தினம் அந்தத் தேங்காய்ப்பால் குழம்புதான் வைத்தாளாம். கடைசியில் கேட்டார்: "பொய்க் கல்யாணமா இருந்தா, எட்டு வருஷமா நான் எதுக்கு மேடம் ஒரு டம்ளர் ரசத்துக்கு ஏங்கிக்கிட்டுக் கெடக்குறேன்?"

சம்மாட்டியாரின் கையெழுத்து

விண்ணப்பத்தோடு, கிராமத்துக்குப் பொறுப்பான விதானையாரின் வதிவிடச் சான்றிதழ் வைத்தோம். அயலவர் ஒருவரின் கடிதமும் இருந்தால் நல்லது. கமலாவின் வேலிக்கு மற்றப் பக்கம் சம்மாட்டியார் வீடு. இரண்டு வள்ளமும் ஆறு தொழிலாளியும் உள்ளவர். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு. கமலா கேட்டு அவர் முகம் கொடுக்கவில்லை என்பதால் கடிதத்தை நானே கொண்டுபோனேன். அறுந்த வலை முற்றத்தில் குவிந்து கிடந்தது. அவர் கடிதத்தை ஒரு தரம் வாசித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். அந்த மனுஷனுக்குக் கடல் என்றாலே வாந்தி வரும், கப்பலில் வந்து இறங்கி மூன்று நாள் படுத்துக் கிடந்தார் என்று எடுத்துச் சொன்னேன்.

சம்மாட்டியார் நம்பவில்லை. லொறி ஓடினவன் எண்டால் றோட்டிலை நிக்கவேண்டியது, ஏன் காலமையிலை கரையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறான் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி எனக்கும் கொஞ்சம் உறைத்தது. கடிதத்தை மடித்து என் கையில் வைத்துச் சொன்னார்: "என்ரை வலையை அறுத்தவன்ரை ஊரிலை இருந்து வந்தவனுக்கு நான் நல்லவன் எண்டு எழுதிக் குடுக்கிறதோ? வேறை ஆளைப் பாருங்கோ ரீச்சர்."

மோட்டார் சைக்கிளில் வந்த இருவர்

ஒரு மாதம் கழித்துக் கமலா குடிவரவுக் கந்தோரின் கடிதம் ஒன்றைக் கொண்டு ஓடிவந்தாள். நேரில் போய் விசாரித்ததில் கணவர் அந்த முகவரியில் வசிக்கவில்லை, வதிவிடச் சான்றிதழிலும் சந்தேகம், இரண்டு கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் அவர் நாட்டை விட்டு வெளியேறவேண்டும். வீட்டில் இருந்த மனுஷன் எங்கே போனார்? கமலா விம்மி விம்மிச் சொன்னாள். சாதாரண உடுப்போடு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் இந்த ஒழுங்கையில் இருக்கிறாரா என்று வீடு வீடாகக் கேட்டார்களாம். ஒழுங்கை முழுவதும் ஒரே பதில்: அப்படி ஒருவரும் இல்லை, அந்தப் பிள்ளை தனியத்தான் இருக்குது. சம்மாட்டியார் ஒருபடி மேலே போய், தன் பெண்சாதியை வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் அனுப்பி, வந்தது யாரென்று தெரியாத கமலாவையும் புருஷனையும் உள்ளே இருத்தி வெளியில் பூட்டுப் போடவைத்திருக்கிறார். வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் ஓட்டோ பிடித்து நேரே சம்மாட்டியாரிடம் போனேன். கையெழுத்து வைக்கத்தான் மனமில்லை, இப்படிக் குடும்பத்தைப் பிரிக்கவும் வேணுமோ என்று கத்தினேன். நான் நினைத்தது, மனுஷன் பழிதீர்த்துவிட்டார் என்று. அவர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. "உவனை எனக்குப் பிடிக்காது, அது வேறை. காட்டிக்குடுக்கிறது வேறை" என்றார். விசாவுக்குத்தான் வந்தவர்கள் என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் வலையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "சண்டை நேரம் என்ரை தம்பியையும் இப்பிடித்தான் ரண்டு பேர் கேட்டுக்கொண்டு வந்து கொண்டுபோனவை ரீச்சர். நான்தான் வாசல்லை நிண்டு, ஓம், உள்ளுக்கை நிக்கிறான் எண்டு சொன்னனான்."

பள்ளிக்கூடக் கொப்பி

மறுவிசாரணை கேட்டு ஒரு நீளக் கடிதம் எழுதினேன். ஊர் பொய் சொல்லவில்லை, பயந்துவிட்டது என்பதை அரசாங்கப் பாஷையில் எழுதுவது லேசான வேலை இல்லை. மறுவிசாரணைக்கு நாளும் குறித்தார்கள். இனி ஒழுங்கையை "ஓம்" சொல்ல வைக்கவேண்டும். ஒருவரும் மசியவில்லை. விசாரிக்க வந்தவை ரீச்சருக்கு ஏதாவது குடுத்திருப்பினமோ என்றுகூடக் கதைத்தார்களாம். சம்மாட்டியார் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நாங்கள் ஓம் எண்டு சொன்னால் உவரைக் கொண்டுபோகமாட்டினம் எண்டு நீங்கள் பொறுப்பு நிப்பியளோ? இத்தனை வருடத் தொழிலில் நான் ஒருவருக்கும் பொறுப்பு நின்றதில்லை. அன்றைக்கு வந்து பக்கத்தில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கந்தோரைப் பூட்டிவிட்டுக் காலையிலேயே போய் கமலா வீட்டு வாசலில் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. நான் எழுதிய கடிதமே இந்த மனுஷனை அனுப்பிவைத்துவிடுமோ என்று அதன் பிரதியைத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

உத்தியோகத்தர் வந்தார். இளம் ஆள், மரியாதையாகக் கதைத்தார். முருகேசனைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று சம்மாட்டியாரிடம் கேட்டார். சம்மாட்டியார் உள்ளே போய், பிள்ளைகளின் கொப்பி ஒன்றும் பேனையும் கொண்டுவந்து நீட்டினார். "முதல் நீங்கள் எழுதுங்கோ. உங்கடை பேர், எந்தக் கந்தோர், எத்தினை மணிக்கு வந்தனீங்கள். கீழை கையெழுத்து வையுங்கோ. போனமுறை நான் பேர் கேக்காமல் விட்டிட்டன்" என்றார். போன மாதத்து விசாரணையைச் சொல்கிறார் என்று உத்தியோகத்தர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பாதியில் சம்மாட்டியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

சம்மாட்டியார் எழுதியதை எழுத்தெழுத்தாக வாசித்தார். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பெயரை ஒத்துப் பார்த்தார். கொப்பியை மடித்து மடிக்குள் செருகினார். கமலா என் கையை இறுக்கிப் பிடித்தாள். முருகேசன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்மாட்டியார் உத்தியோகத்தரை நிமிர்ந்து பார்த்தார்: "ஓம். உவர் இந்த வீட்டிலைதான் இருக்கிறார். காலமை மகளைச் சைக்கிள்ளை பள்ளிக்கூடத்திலை விட்டவர். பின்னேரமும் உவர்தான் போய் ஏத்திக்கொண்டு வரவேணும், சொல்லிப்போட்டன்."

விசா ஒரு வருடத்துக்கு வந்தது. அடுத்த வருடம் வேறொரு உத்தியோகத்தர் வருவார் என்பதால், அந்தக் கொப்பியின் மிச்சப் பக்கங்களில் ஒன்றைக்கூடக் கிழிக்கச் சம்மாட்டியார் விடுகிறாரில்லை.