நன்றி சொல்கிறார் என்றேன்

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சுருக்கெழுத்துப் படித்திருந்ததால் கொஞ்சம் தலைக்கனம். எவர் எவ்வளவு நேரம் கதைத்தாலும் கொப்பியில் குறித்துக்கொண்டு, முடிந்ததும் ஒன்றும் விடாமல் இங்கிலீஷில் சொல்லிவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரியுடன் வடகரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்குப் போனேன். வள்ளங்கள் கரையேறும் இடத்தை அரை மைல் கிழக்கே மாற்றலாமா என்று ஊராரைக் கேட்கவேண்டும். ஊருக்காக வள்ளச் சொந்தக்காரர் ஒருவர், முதியவர், எழுந்து கதைத்தார். சோளகம், வாடை, நீரோட்டம், கல் என்று நிறுத்தாமல் வந்தது. நான் கோப்பாயில் வயல் செய்யும் கமக்காரர் வீட்டுப் பிள்ளை. சோளகக் காற்றுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் இரண்டு வசனம் தாண்டிவிட்டார். அவற்றைப் பிடிக்க அவசரமாக எழுதினேன். எழுதும்போது அடுத்தது காதில் விழவில்லை. கடைசியில் கொப்பியில் வெறும் பெயர்கள்தான் கிடந்தன. எந்தக் காற்றுக்கு முடியும், எதற்கு முடியாது என்பது இல்லை.

திரும்பக் கேட்டிருக்கலாம். ஊரே கூடி நிற்கையில் ஒரு கடற்றொழிலாளியிடம் “விளங்கவில்லை” என்று சொல்ல எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. “கொஞ்சம் சிரமமாம், ஆனால் சம்மதமாம்” என்று அதிகாரியிடம் சொன்னேன்.

முதியவர் கப்பலில் ரங்கூன் போய்வந்தவர். கொஞ்சம் இங்கிலீஷ் விளங்கும்.

“தம்பி, நான் சொன்னது உதில்லை. வாடைக்கு அங்கை வள்ளம் விடேலாது. கல்லிலை அடிச்சுப்போடும். துரைக்கு வடிவாச் சொல்லுங்கோ.”

“என்ன சொல்கிறார்?” என்றார் அதிகாரி.

“உங்களுக்கு நன்றி சொல்கிறார்,” என்றேன், முதியவருக்குக் கேட்காதபடி தணிந்த குரலில்.

அதிகாரி சிரித்துத் தலையாட்டினார். முதியவர் கைகூப்பினார்.

இடத்தைக் கிழக்கே மாற்றி உத்தரவு போனது. வாடை தொடங்கிச் சில கிழமைகளில் அங்கே இரண்டு வள்ளங்கள் கல்லில் மோதி உடைந்தன. ஆட்கள் நீந்திக் கரைசேர்ந்தார்கள். ஊரார் எழுதிய மனு மொழிபெயர்ப்புக்கு என்னிடமே வந்தது. சொல்லுக்குச் சொல் சரியாகச் செய்து கொடுத்தேன்.

“அந்த மனிதர் அன்றைக்குச் சம்மதித்தாரே?” என்று அதிகாரி கேட்டார்.

“நான்தான் பிழையாகச் சொன்னேன்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். பழைய இடத்தையே பாவிக்கலாம் என்று எழுதி, “நீயே கொண்டுபோய்க் கொடு” என்றார்.

சைக்கிளில் போனேன். முதியவர் உடைந்த வள்ளத்தில் நல்ல பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

“அண்டைக்குத் துரை ஏன் சிரிச்சவர்?” என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன்.

“நீங்கள் சரியாச் சொல்லிப்போட்டியள் எண்டு நினைச்செல்லோ கும்பிட்டனான். ஊருக்கும் அப்பிடித்தான் சொன்னன். பிறகு எல்லாரும் என்னைத்தான் ஏசினவை.”

“என்ரை பிழைதான், அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“விளங்கேல்லையெண்டாக் கேட்டிருக்கலாமே, தம்பி. நான் பத்துத்தரமும் சொல்லியிருப்பன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுப் பக்கம் திரும்பி, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கவும் என்னால் முடியாது.

“வேண்டாம், நேரம் போச்சு. நான் வாறன்,” என்று சைக்கிளை எடுத்தேன்.

“ஓம், ஓம். நீங்கள் எங்கடை வீட்டிலை குடிக்கமாட்டியள்தானே,” என்றார்.

சாதி பார்த்து மறுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உண்மையான காரணத்தையும் சொல்லவேண்டும். மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.