ஸ்டபர்ன் கை

ஸ்டபர்ன் என்ற ஆங்கிலச் சொல்லை நான் பள்ளியில் படிக்கவில்லை. பள்ளிக்கே அதிகம் போனதில்லை. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தபோது கேட்டேன். துருப்பிடித்து அசையாத நட்டைப் பார்த்தால் எங்களை வேலை வாங்கும் சீன மண்டோர், "ஸ்டபர்ன் லா இது" என்பார். எனக்கு அது நட்டுக்கான சொல்.

போன வருடம் என் மனைவிக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் பிழைத்தது. பேச்சும் பிழைத்தது. வலக்கை மட்டும் முஷ்டியாக மடங்கிவிட்டது. இப்படியே விட்டால் விரல்கள் இறுகிவிடும், பிறகு திறக்கவே திறக்காது என்றார்கள் மருத்துவமனையில்.

அங்கே கைப்பயிற்சி கொடுக்கும் தமிழ்ப் பெண் ஒருநாள், "அங்கிள், ஆன்ட்டி கை ரொம்ப ஸ்டபர்ன் லா" என்றாள்.

ஜெலுத்தோங்கில் வீடு வந்து சேர்ந்ததும் மனைவி கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்னைத் திட்டுச்சா?"

"இல்ல. நட்டைச் சொல்ற மாதிரி சொல்லுச்சு."

"நான் என்ன நட்டா?"

மகள் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் தேடினாள். "பிடிவாதம்னு அர்த்தம்மா. ஆளுக்கும் சொல்லலாம். துணியில போகாத கறைக்கு, விடாத இருமலுக்குக்கூட சொல்லலாம்."

"எங்கேர்ந்து வந்துச்சாம் அந்தச் சொல்லு?"

"சரியா தெரியலையாம். வெட்டின மரத்தோட அடிக்கட்டைய ஸ்டப்னு சொல்வாங்க. அதுலேர்ந்து வந்திருக்கலாம்னு சில பேர் சொல்றாங்களாம்."

"தெரியலையா? என்னைக் கேட்டா சொல்லியிருப்பேன். உங்கப்பா குடும்பத்துலேர்ந்துதான் வந்துச்சு."

நான் அவளுடைய மடங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த நட்டை வேகமாகத் திருகினால் உடையும். எண்ணெய் விட வேண்டும். சூடு காட்ட வேண்டும். காத்திருக்க வேண்டும். கைக்கு இது ஆகுமா என்று அடுத்த முறை பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம், மெதுவாக விரிக்கலாம், இழுக்க மட்டும் கூடாது என்றாள்.

தினமும் காலையில் தண்ணீர்ச் சட்டி வைத்தோம். பிறகு தேங்காய் எண்ணெய். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக.

"இந்தக் கையாலதான் உங்களுக்கு இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டேன்" என்பாள்.

"இப்ப நான்தானே ஆக்குறேன்."

"அதுக்குப் பேரு சோறா?"

சில நாள் அழுதுவிடுவாள். அன்றைக்கு விரல்களை விரிக்க மாட்டேன். எண்ணெய் மட்டும் தேய்ப்பேன்.

பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் பயந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு காலையில் ஆள்காட்டி விரல் தானாக விரிந்தது. நான் தொடவில்லை. அவளும் பார்த்தாள். பின்னாலேயே நடுவிரலும் வந்தது, முழுதாக இல்லை, கொஞ்சம். அவள் கையை மெல்லத் தூக்கி அந்த விரல்களை என் தாடையில் வைத்தாள்.

"முள்ளாட்டம் குத்துது. ஒழுங்கா ஷேவ் பண்ணக்கூடாதா?"

எழுந்து போனேன். ஷேவ் செய்துவிட்டு வந்து மறுபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தாடையைக் காட்டினேன்.